மல்லூரில் இறங்கி ஏரி வரை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நடைக் கூட்டம் சேலம் ஜங்ஷனில் கரூர் பாசஞ்சர் ஏறி மல்லூரில் இறங்கியது. 2013-ல் இந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, இப்படி ஒரு நாள் நடைக்கு வசதியாகிவிட்டது. அங்கிருந்து பனமரத்துப்பட்டி ஏரி வரை நடைதான்.

வழியெல்லாம் அரளித் தோட்டம். அரளியை மொட்டாகவே பறித்துவிட வேண்டும், விரிந்துவிட்டால் விலை போகாது. பாலிதீன் பையில் மொட்டுகளை அமுக்கிக் கட்டிக்கொண்டிருந்த அம்மா, "ஏங்கண்ணு, ஏரியப் பாக்கவா இம்புட்டு தூரம் நடக்கறீங்க?" என்றார். ஆமாம்மா, அதுக்குத்தான்.

ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி இது. பல வருடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கரையில் நின்றபோது மனசு கனத்துவிட்டது. ஜருகுமலைப் பக்கம் பெய்யும் மழை இங்கே நிறைந்து நிற்பதை என் பிள்ளைகள் பார்க்க வேண்டும். முடியாத காரியமில்லை. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் சேலத்து மக்களே சேர்ந்து தூர்வாரினார்கள். எடுத்த மண்ணைத் திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். இப்போது அங்கே பறவைகள் வருகின்றன.

சரி, அடுத்த நடை மூக்கனேரிக்குத்தான். வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்காதீர்கள், பிளாஸ்டிக் டம்ளர் மட்டும் வேண்டாம்.