ஊர்ப் பேப்பரெண்டாலும்

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணலை வெட்டித் திறந்துவிடுவது பற்றி எங்கள் ஊர்ப் பேப்பரில் வந்த செய்தியில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. இரண்டு தரப்பும் பேசியிருக்கிறது, பெயர்கள் சரி, யார் மீதும் பழி போடவில்லை. அப்படியிருந்தும் அந்த இதழைக் கையில் எடுத்தால் எனக்கு மனம் சரியில்லாமல் போய்விடுகிறது.

பேப்பருக்கு எழுதும் தம்பி முதலில் எழுதிக்கொண்டு வந்தது வேறு. "இப்ப வெட்ட வேணாம்" என்று தலைப்பு. பாலமீன்மடுப் பக்கம் தோணி கட்டும் இடத்தில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து, வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு எழுதியிருந்தான். மூத்த மீனவர் ஒருவர் சொன்னதை அப்படியே போட்டிருந்தான்: "இவ்வளவு நாளும் வளர்ந்த இறால் எல்லாம் ஒரு ராவுல கடலுக்குப் போயிரும். மறுகா நாங்க சேத்துலயா வலை வீசுற?"

வாசித்த உடனேயே நல்ல எழுத்து என்று தெரிந்தது. ஆனாலும், வாவிக்கு மேற்கே வயல்கள் இருக்கும் படுவான்கரையை நினைத்துச் சொன்னேன்: "படுவான்கரையில ஒரு வேளாண்மைக்காரரையும் கேட்டுப்போட்டுப் போடுவம்."

"சேர், இது எங்கட ஊர்ப் பேப்பர்தானே. அவங்கட பக்கத்தைச் சொல்லத்தான் பெரிய பேப்பரெல்லாம் இருக்கே."

"ஊர்ப் பேப்பரெண்டாலும் பேப்பர்தான்" என்றேன். அவன் அதற்கு மேல் பேசவில்லை. அவன் பேசியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பல வருடம் பகுதிநேர நிருபராக இருந்தவன் நான். 2004 மே 31 இல் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரத்தில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, எழுதின ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் பார்த்துத்தான் அனுப்பினோம். மற்றப் பக்கத்தையும் கேட்டாயா என்பது எங்களுக்கு நேர்மையும்தான், உயிர்ப் பயமும்தான். இரண்டும் கலந்து கிடந்த காலம் அது. இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நேர்மை என்ற பெயரில் அந்தப் பயத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேனோ என்று ஒரு நெருடல். இல்லை, நடேசனின் கதை தெரியாத ஒரு பிள்ளைக்கும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று அடுத்த நிமிடமே தோன்றுகிறது.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 56 கிலோமீற்றர் நீளமான வாவி. கோடையில் வாயில் மணல் மூடிவிடும். மாரி மழையோடு உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் தண்ணீரும் சேர்ந்து வந்தால் வாவி ஏறி, படுவான்கரைப் பள்ளக் காணிகளில் வேளாண்மை தாழும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் வைப்பார்கள். பிறகு மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து மணல் திட்டில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் கீறிவிடும். மிச்சத்தைத் தண்ணீரே செய்துகொள்ளும். இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் மணல் கட்டி கட்டியாக இடிந்து விழ, ஒரு எட்டில் தாண்டக்கூடியதாக இருந்த வெட்டு விடியும்போது ஆறுபோல் ஓடும். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

தம்பி வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனான். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டைவிதானை ஒருவர் அவனை வரம்பால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். குடலைப் பருவத்துப் பயிர், நுனி மட்டும் வெளியே தெரிய நின்றிருக்கிறது. அவர் தண்ணிக்குள் கையை விட்டு ஒரு பயிரை இழுத்து, தண்டைப் பிளந்து, உள்ளே இருந்த இளங்கதிரைக் காட்டினாராம்.

வந்தவன் முழுக்கத் திருப்பி எழுதினான். இரண்டு பத்தி மீனவர், இரண்டு பத்தி விவசாயி. தலைப்பு "முகத்துவாரம்: இரு கருத்துகள்." சேற்றில் வலை வீசுகிற வசனத்தைக் காணவில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்த வட்டையைப் பார்த்த பிறகு அதைப் போட மனம் வரல்ல சேர்."

நான் எடுக்கச் சொல்லவில்லை. திரும்பப் போடச் சொல்லவும் இல்லை. அவன் போய்ப் பார்த்து, தானாக எடுத்த முடிவு. அதில் நான் கை வைப்பது சரியா? அந்த நேரம் சரியில்லை என்றுதான் பட்டது.

இதற்கிடையில் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். பேப்பர் போட்டோக்கொப்பி எடுத்து வந்தபோது தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. இதழ் கொடுக்கத் தோணித் துறைக்குப் போனபோது அந்த மூத்தவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, கோபம் இல்லாமல்தான் கேட்டார்: "இது எங்கட பேப்பர் எண்டுதானே மனே சொன்னீங்க? நான் சொன்னதைக் காணல்லயே."

இடம் போதவில்லை என்றேன். அது பொய்யில்லை, நாலு பக்கப் பேப்பர்தான். ஆனால் காரணம் அது இல்லை.

வேளாண்மை அழிந்தால் ஏக்கர்க் கணக்கில் பதிய ஒரு முறை இருக்கிறது, விண்ணப்பப் படிவம் இருக்கிறது, வானொலியில் சொல்வார்கள். கடலுக்குப் போன இறாலை யார் எண்ணுகிறார்கள்? அந்தக் கணக்குக்கு இருந்த ஒரே இடம் எங்கள் பேப்பர். அங்கேயும் பாதியைக் கொடுத்த பிறகு அதைச் சமம் என்று சொல்லலாமா? பெரிய பத்திரிகையில் பாதிப் பாதி என்பதும் எங்கள் நாலு பக்கத்தில் பாதிப் பாதி என்பதும் ஒன்றில்லை. தம்பி அன்றைக்குச் சொன்னது இதைத்தான்.

அதே நேரம், எங்கள் துறையில் பாதிப் பேருக்குப் படுவான்கரையில் சொந்தம் இருக்கிறது. அந்த மூத்தவரின் மகளே அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒரு பக்கத்தை மட்டும் போட்ட இதழ் அந்த வீட்டுக்கும் போய்ச் சேரும். வயல் தண்ணிக்குள் கிடக்கும்போது "வெட்ட வேணாம்" என்று அப்பாவின் பெயரோடு ஒரு தாள் வந்தால் அந்தப் பிள்ளையின் பாடு என்ன? தம்பி போய்ப் பார்த்ததால்தான் அந்த இளங்கதிர் பற்றி எங்கள் ஊருக்குத் தெரிந்தது. அதை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த மாரிக்கு வேறு மாதிரிச் செய்வோம் என்று பேப்பர்க் குழுவில் சொல்லிப் பார்த்தேன். கூட்டம் வைக்க முன்னமே துறையில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே முதல் பக்கத்தில் போடுவோம். வட்டையின் கதையை அடுத்த இதழில் அதே அளவுக்குப் போடுவோம். கிராம சேவகராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அடுத்த இதழ் வரைக்கும் பயிர் தண்ணிக்குள்ள உயிரோட இருக்குமா தம்பி?" என்று கேட்டா. அவ கேட்டது நியாயம். இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் துறையில் சொல்கிற சொல்லை இந்த முறை வெட்ட விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். தம்பியே வெட்டச் சொன்னாலும்கூட.