மறுத்த இணைப்பு

"சார், அந்த லேப்டாப்ல எனிடெஸ்க் மட்டும் போட்டு விடுங்க, பத்து நிமிஷத்துல முடிச்சுடறேன்" என்று ரிலே நிறுவனத்தின் பொறியாளர் தொலைபேசியில் கேட்டார். எனிடெஸ்க், இணையம் வழியே வேறிடத்திலிருந்து ஒரு கணினியை இயக்கவிடும் மென்பொருள்; அந்த வழியில் ஹேக்கர்களும் எங்கள் துணைமின்நிலையத்துக்குள் நுழைந்துவிடலாம் என்பதால் நான் முடியாது என்றேன். மின்மாற்றியின் உள்ளே கோளாறு நேர்ந்தால் அதை உடனே துண்டிக்கச் செய்யும் பாதுகாப்புக் கருவியான டிஃபரென்ஷியல் ரிலே பழுது காட்டி நின்றுவிட்டது. அந்தப் பாதுகாப்பு இல்லாமல் மின்மாற்றிக்கு மின்சாரம் கொடுத்து இயக்க இயலாது என்பதால், சுமையை மற்றொன்றுக்கு மாற்றியும் போதாமல், ஊர்ப்பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஃபீடர்களை முறைவைத்து நிறுத்திக்கொண்டிருந்தோம். பொறியாளர் நேரில் வந்து சேர விடிந்துவிட்டது.

அதுவரை நுகர்வோரின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஷிப்ட் ஆபரேட்டர் கேட்டார்: "ஹேக்கர் வந்தாலும் இருட்டு, நீங்க தடுத்தாலும் இருட்டு. ஜனங்களுக்கு என்ன சார் வித்தியாசம்?"

விதி என் பக்கம் இருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மின்சாதனங்களை இயக்கும் கணினிக் கட்டமைப்பை இணையத்திலிருந்து முற்றாகப் பிரித்து வைக்கச் சொல்கின்றன. ஆனால் அவர் விதியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆகவே உக்ரைனைச் சொன்னேன். 2015 டிசம்பர் 23 அன்று அங்கே மூன்று விநியோக நிறுவனங்களின் நுகர்வோர் சுமார் 2,25,000 பேர் மின்சாரம் இழந்தனர். மின்னஞ்சல் கோப்பு வழியே பல மாதங்களுக்கு முன்பே புகுந்தவர்கள், ஊழியர்களின் கடவுச்சொற்களைத் திருடி, அந்த ஊழியர்கள் தொலைவிலிருந்து பணிபுரிய வைத்திருந்த வழியிலேயே கட்டுப்பாட்டு அமைப்புக்குள் நுழைந்தார்கள். திரையில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து, மின்தடங்களைத் துண்டிக்கும் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறப்பதை ஆபரேட்டர்கள் பார்த்துக்கொண்டே இருக்க நேர்ந்தது. துணைமின்நிலையங்களுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் கருவிகளின் மென்பொருளையும் கெடுத்துவிட்டதால், இரண்டு மாதங்களுக்குப் பிறகும் அந்தக் கட்டுப்பாட்டு மையங்கள் முழுமையாகச் செயல்படவில்லை. எங்கள் இருட்டுக்கும் அந்த இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்றேன்.

"கரண்ட் எப்படி சார் திரும்ப வந்துச்சு?" என்றார். ஆட்கள் துணைமின்நிலையங்களுக்கு நேரில் போய், பிரேக்கர்களைக் கையால் போட்டுச் சில மணி நேரத்தில் மீட்டார்கள் என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆளில்லாத துணைமின்நிலையங்களைப் பற்றி அப்போது எங்கள் அலுவலகத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அந்த லேப்டாப், நிலையத்தின் கருவிகளையெல்லாம் ஒரே வலையில் இணைக்கும் ஸ்டேஷன் சுவிட்சில் இணைந்திருந்தது. அதை இணையத்தோடு சேர்த்தால் ஒவ்வொரு மின்தடத்தையும் மின்மாற்றியையும் காக்கும் எல்லா பே ரிலேக்களையும் எட்டலாம். ஆனால் சுவிட்சிலிருந்து கழற்றி, ஏற்கெனவே செயலற்றுக் கிடந்த அந்த ஒரே ரிலேயின் முன்பக்க போர்ட்டில் மட்டும் செருகி அனுமதித்திருக்கலாமே என்று இப்போதும் யோசிக்கிறேன். அப்படிச் செய்தாலும், நாளை அதே லேப்டாப்பைத்தான் மற்ற ரிலேக்களிலும் செருகுவோம்; லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டு வருவது எதுவானாலும் ஒரு ரிலேயோடு நிற்காது. இந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. அன்றிரவு தொலைபேசியில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்ன அந்தப் பெண்மணிக்கு இதை எப்படிச் சொல்லியிருப்பேன் என்பதுதான் தெரியவில்லை.

மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய குறிப்பில், மாற்று ரிலே ஒன்று எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். எங்கள் கண்காணிப்பில், குறித்த நேரத்துக்கு மட்டும் திறக்கும் தொலை இணைப்பு ஒன்றைக் கேட்கும் பத்தியை எழுதினேன், அடித்தேன், மீண்டும் எழுதியிருக்கிறேன். குறிப்பு இன்னும் என் மேசையிலேயே இருக்கிறது.