எம்பிரஸ் பிளேஸ் குழியிலிருந்து

7 பிப்ரவரி 2015, சனி

சிங்கப்பூர் ஆற்றோரம், விக்டோரியா இசையரங்கு பக்கத்தில் வேலி போட்டு அகழாய்வுக்குத் தோண்டுகிறார்கள். தொண்டூழியராக எனக்கு முதல் நாள். கட்டுமான வேலை தொடங்குமுன் கிடைத்த சில வாரங்களில் எல்லாம் முடிய வேண்டும். கட்டுமுன் அகழாய்வு செய்தாக வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் இல்லை. ஒவ்வொரு முறையும் அவகாசம் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். பள்ளியில் எங்களுக்கு வரலாறு 1819ல், ராஃபிள்ஸ் வந்து இறங்கியதோடுதான் தொடங்கியது. அதற்கும் முந்தைய சிங்கப்பூரைத் தேடி 1984ல் ஃபோர்ட் கேனிங் மலையில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் தோண்டியதைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

14 பிப்ரவரி, சனி

மண்ணைக் கரணையால் குத்தக் கூடாது, சீவ வேண்டும். இடுப்பு விட்டுப்போனது.

பத்தரை மணிக்கு ஒரு பச்சை ஓடு. சேற்றைக் கழுவியதும் மழையில் நனைந்த வாழையிலை மாதிரி மின்னியது. சீனாவின் லொங்சுவான் சூளையில் சுட்ட கிண்ணமாம், 14ஆம் நூற்றாண்டு. எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். எனக்கென்னவோ அடுத்து வந்த மண்சட்டி ஓட்டை வைத்துவிட மனம் வரவில்லை. வெளிப்பக்கம் முழுக்க அடுப்புக்கரி. உள்ளே வழவழப்பு. எழுநூறு வருஷத்துக்கு முன், சிங்கப்பூர் தெமாசெக்காக இருந்தபோது, யாரோ இதில் உலை வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்த அம்மா, "நம்ம ஆச்சி மீன்குழம்பு வைக்கிற சட்டி மாதிரியே இருக்கேடி" என்றார்.

28 பிப்ரவரி, சனி

இன்று ஒரு பையில் சீட்டுப் போட மறந்துவிட்டேன். எந்தக் குழி, எந்த அடுக்கு என்ற விவரம் போனால் ஓடு வெறும் ஓடுதான். அதற்கு மேலும் கீழும் என்ன கிடந்தது என்பதை வைத்துத்தானே காலத்தைச் சொல்கிறார்கள். பையைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

14 மார்ச், சனி

மண் வாரும் தம்பிக்குப் புதுக்கோட்டைப் பக்கம். சல்லடையில் தங்கியதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க ஊர்ல கடக்கால் தோண்டுனா இந்த மாதிரி ஓடு நிறைய வரும். அள்ளிக் கொட்டிட்டு வீட்டைக் கட்டிருவோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்தார். "இனிமே ஊருக்குப் போனா எடுத்து வச்சிப் பாக்கணும்." மத்தியானம் அவர் பொறுக்கித் தந்ததில் நீலக் கண்ணாடி மணி ஒன்றும் இருந்தது, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. நான் அதே மண்ணை ஒருமுறை சலித்தவள்.

4 ஏப்ரல், சனி

சாப்பாட்டு நேரத்தில் ஆற்றங்கரைக்கு நடந்தேன். அக்கரையில், ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் பக்கம், எழுத்து வெட்டிய பெரும்பாறை ஒன்று நின்றது. 1843ல் கட்டுமான வேலைக்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை இன்றுவரை யாரும் முழுசாகப் படித்ததில்லை. அன்றைக்கு ஒரு வாரம் பொறுத்து, அந்த எழுத்துக்குப் பிரதியாவது முழுசாக எடுத்திருக்கலாம். நினைத்தாலே வயிறு எரிகிறது.

திரும்பி வந்து சாயங்காலம் வரை சீவினோம். தோண்டுவதற்கு இன்னும் சில நாள்தான். கழுவிப் பிரிக்க வருஷக்கணக்கில் ஆகுமாம். அடுத்த சனிக்கிழமை பழைய பல்துலக்கி இரண்டு எடுத்துப்போக வேண்டும்.