112 விட்டில்கள் 87 ஆன கதை

வெளிச்சத்துக்கு வரும் விட்டில்களை, அதாவது அந்துப்பூச்சிகளை, இனம் இனமாய் எண்ணப் போன ஐப்பசியில் தொடங்கினேன். வவுனியாவில் எங்கள் வளவுச் சுவரில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, முன்னால் புற ஊதா விளக்கைத் தொங்கவிட்டேன். அமாவாசையை ஒட்டிய நாள், மழையும் விட்டிருந்தது. பத்து மணிக்குள் வேட்டியில் இடமில்லை. நுளம்பும் வந்தது, அதைப் பற்றிப் பேசவேண்டாம். எதையும் பிடிப்பதில்லை, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் மட்டும்.

மார்கழி முடிவில் என் கொப்பியில் 112 இனங்கள். பெருமையாகத்தான் இருந்தது.

பெயர் தேடப் போனபோதுதான் கணக்கு இறங்கத் தொடங்கியது. இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள், விட்டில்களுக்கென்றே ஃபிரெடெரிக் மூர் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். படங்களை வரைந்தவர்கள் டி அல்விஸ் சகோதரர்கள். அருமையான படங்கள். ஆனால் அவற்றில் சிறகு விரிந்திருக்கிறது. என் வேட்டியில் உட்காருபவை முன்சிறகை மூடிக்கொண்டு சருகு மாதிரி இருக்கின்றன. பழம் துளைக்கும் யூடோசிமா பேரினத்தில் அடையாளமே பின்சிறகில்தான்: செம்மஞ்சள் நிறத்தில் வளைந்த கறுப்புக் கோடு என்றால் ஃபலோனியா, வட்டப் பொட்டு என்றால் மட்டேர்னா. அது சிறகடிக்கும் வரை நாற்பது நிமிடம் குந்தியிருந்தேன். ஃபலோனியா.

சரி, பெயர் கிடைத்தது என்று பார்த்தால் பழைய நூல்களில் அதே பூச்சி ஃபுல்லோனியா. 1763இல் உயிரினப் பெயர்முறையை வகுத்த லின்னேயஸ் வைத்தது ஃபலோனியா, 1764இல் கிளெர்க் என்ற இன்னொரு ஆய்வாளர் வைத்தது ஃபுல்லோனியா. முந்திய பெயருக்கே உரிமை. ஆக, நான் இரண்டு வரியில் எழுதியிருந்தது ஒரே பூச்சி.

பெரிய அடி திரபாலா விஷ்ணு என்ற விட்டிலிடம். சின்னதாய்ப் பச்சை நிறத்தில் ஒன்று, பெரிதாய் மஞ்சள் கலந்து மண்ணிறத் திட்டோடு இன்னொன்று. இரண்டு இனம் என்று சத்தியம் செய்திருப்பேன். கொய்யாவிலிருந்த மயிர்க்கொட்டிகளைப் பெட்டியில் போட்டு வளர்த்தேன். (வெறும் கையால் தொட்டதற்கு இரண்டு நாள் அரிப்பு.) ஒரே மரத்துப் புழுக்களின் கூடுகளிலிருந்து இரண்டும் வந்தன. சின்னது ஆண், பெரியது பெண். இதே பேரினத்தில் கணேஷா, கிருஷ்ணா என்ற பெயர்களிலும் இனங்கள் இருக்கின்றன; பெயர் வைத்தவர்கள் கோயில் பக்கம் போய் வந்திருப்பார்கள் போல.

ஊர்ப்பெயரையும் நம்பக்கூடாது. அட்டாகஸ் தப்ரோபானிஸ் என்ற விட்டிலின் பெயரில் வருவது நம் தீவின் பழைய கிரேக்கப் பெயர், ஆனால் அந்தப் பூச்சி தென்னிந்தியாவிலும் இருக்கிறது.

பிடித்துப்போனது லின்னேயஸின் ஈற்றெழுத்து விளையாட்டு. நுண்பூச்சிகளுக்கு ‘எல்லா’, இலைசுருட்டிகளுக்கு ‘ஆனா’. புழுப் பருவத்தில் சாண் அளந்து நடக்கும் ஜியோமெட்ரிட்களில் உணர்கொம்பு சீப்பு மாதிரி என்றால் ‘ஆரியா’, வெறும் நூல் மாதிரி என்றால் ‘ஆட்டா’. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் இதைப் பின்பற்றவில்லை என்பதால் முழுதாய் நம்ப முடியாது.

வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளியிட்ட யூட்டிதீசா புல்செல்லாவா லோட்ரிக்ஸா என்பதைப் படத்தை வைத்து நான் தீர்மானிக்கப் போவதில்லை. ஆணின் இனப்பெருக்க உறுப்பை வெட்டிப் பார்க்கவேண்டும். பேரினப் பெயரோடு நிறுத்திவிட்டேன். அப்படி நிறுத்தியவை 31.

இன்றைய கணக்கு 87. பெயர் தெரியாமல் ‘சாம்பல்’ என்ற கோப்பில் கிடப்பவை இதில் சேரவில்லை.

நேற்று அலரியில் பச்சைப் புழு ஒன்று, கழுத்துப் பக்கம் இரண்டு நீலக் கண். டாப்னிஸ் நேரீ என்ற விட்டிலின் புழுவாக இருக்கலாம் என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.