ஐ.சி.யூ. வாசலில் ஒப்புதல் பெறுதல்: ஒரு முதுநிலை ஆய்வேட்டின் அனுபவம்

மயக்கவியல் முதுநிலைப் படிப்பில் ஆய்வேடு கட்டாயம். என்னுடன் படித்தவர்களில் பெரும்பாலோர், தண்டுவட மயக்க ஊசியுடன் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தைச் சேர்த்தால் வலியின்மை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது போன்ற, அறுவை அரங்கிலேயே முடிக்கக்கூடிய தலைப்புகளை எடுத்தார்கள். அங்கே நோயாளி முந்தைய நாளே வார்டில் சேர்ந்திருப்பார். நிதானமாகப் பேசி அவரிடமே ஒப்புதல் பெறலாம். நான் தமிழ்நாட்டின் ஓர் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றி உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளிகளுக்கு, ரத்தத்தில் புரோகால்சிட்டோனின் அளவைப் பார்த்து ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டேன். இதே வழியில் வரப்போகும் மாணவர்களுக்கும், ஆய்வுக்காக ஒப்புதல் கேட்கப்படும் குடும்பத்தாருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

புரோகால்சிட்டோனின் என்பது கால்சிட்டோனின் ஹார்மோனின் முன்வடிவம். நலமாக இருப்பவரின் ரத்தத்தில் அது மிகச் சொற்பமாகவே இருக்கும். கடுமையான பாக்டீரியத் தொற்றில் உடலின் பல திசுக்கள் அதை வெளிவிடுவதால் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். தொற்று அடங்கினால் ஏறத்தாழ ஒரு நாளுக்குப் பாதியாக இறங்கும். நெதர்லாந்தில் 1,500-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், உச்ச அளவிலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் அளவுக்கு இறங்கினாலோ மருந்தை நிறுத்தலாம் என்று மருத்துவர்களுக்கு ஆலோசனை தரப்பட்டது. ஆன்டிபயாட்டிக் நாட்களின் இடைநிலை அளவு 7-இலிருந்து 5 ஆனது, இறப்பு கூடவில்லை. மெரோபெனம், கோலிஸ்டின் போன்ற கடைசிக்கட்ட மருந்துகள் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரிவில் இரண்டு நாள் குறைவது எவ்வளவு பெரியது என்பதை, எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிளெப்சியெல்லா பாக்டீரியாவைக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) அறிக்கையில் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆய்வுத் திட்டத்தை நிறுவன நெறிமுறைக் குழு எளிதில் விடவில்லை. விடாததை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மருத்துவர்கள் மாதிரி அளவைப் பற்றியும் புள்ளியியல் பற்றியும் கேட்டார்கள். குழுவில் பொதுமக்கள் சார்பில் இருந்த உறுப்பினர் ஒப்புதல் படிவத்தைக் கையில் எடுத்து, "5 மி.லி. என்றால் ஊரில் யாருக்கும் புரியாது, ஒரு தேக்கரண்டி என்று எழுதுங்கள், இந்தப் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள்" என்றார். ஆய்வுக்காக மட்டும் செய்யப்படும் பரிசோதனையின் செலவு நோயாளி தலையில் விழக்கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல். படிவத்தில் அது கடைசிப் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்துக்கு வந்தது.

அடுத்து, இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் கேள்விகள் திரும்பத் திரும்ப வரும் என்பதால், நெறிமுறைக் குழுவின் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

உண்மையான வேலை ஐ.சி.யூ. வாசலில்தான் இருந்தது. வென்டிலேட்டரில் இருப்பவரிடம் ஒப்புதல் கேட்க முடியாது. சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்கக்கூடிய உறவினரிடம் கேட்க வேண்டும். அவரோ முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல், கையில் மருந்துச் சீட்டுகளோடு தரையில் உட்கார்ந்திருப்பார். ஒரு மகன் நான் பேசத் தொடங்கியதுமே, "எந்த இடத்துல கையெழுத்து போடணும்னு சொல்லுங்க டாக்டரம்மா, போட்டுடுறேன், அப்பாவ மட்டும் காப்பாத்திக் கொடுங்க" என்று பேனாவுக்குக் கை நீட்டினார். கையெழுத்து போடாவிட்டால் வைத்தியம் நின்றுவிடும் என்ற அச்சம் அதில் இருந்தது. அச்சத்தில் வந்த கையெழுத்தை ஒப்புதல் என்று கொள்ள முடியாது. ஆகவே படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, நீங்க வேண்டாம்னு சொன்னாலும் அப்பாவுக்கு இதே வைத்தியம்தான், இதே டாக்டர்தான்" என்பதை முதலில் சொன்னேன். பிறகு, புரோகால்சிட்டோனின் அளவைப் பார்த்து மருந்தை நிறுத்தும் குழு, வழக்கமான முறைக் குழு இரண்டில் அப்பா எதில் சேர்வார் என்பதை மூடிய உறை தீர்மானிக்கும், நான் தீர்மானிக்க மாட்டேன் என்பதை விளக்கினேன். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அன்று மாலை அவர் அத்தையோடு வந்தார். அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் நெறிமுறைக் குழுவின் கேள்விகளுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அவசரப்படாமல் பேசுவதற்காகவே, நிறுத்தும் முடிவை மட்டும் ஆராயும்படி என் வழிகாட்டி ஆய்வை அமைத்திருந்தார். முதல் மணி நேரச் சிகிச்சையில் ஆய்வு எதையும் மாற்றவில்லை. அதனால் குடும்பத்துக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. ஐ.சி.யூ. ஆய்வைத் திட்டமிடுவோர் இந்த ஒன்றை முதலில் சிந்திக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரத்த மாதிரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. லாக்டேட்டுக்கு (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) எடுத்த ரத்தத்தைச் சிறிது நேரம் மேசையில் விட்டாலே குழாய்க்குள் சிவப்பணுக்கள் குளுக்கோஸைச் சிதைத்து லாக்டேட்டைக் கூட்டிக்கொண்டே போகும். ஐஸில் வைத்து உடனே ஓட வேண்டும். புரோகால்சிட்டோனின் அவ்வளவு நொய்மையானது அல்ல. ஆனால் பெரிய அறுவை, தீக்காயம், பலத்த விபத்து இவற்றுக்குப் பின் தொற்று இல்லாமலே அது ஏறும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் மெதுவாக இறங்கும். ஆகவே ஓர் அளவைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளின் போக்கைத்தான் பார்க்க வேண்டும். அதிகாலைச் சுற்றில் அந்த மாதிரியை ஒரு நாளும் தவறவிடாமல் எடுத்துத் தந்த செவிலியர்கள் இல்லாமல் என் அட்டவணைகள் நிரம்பியிருக்காது.

அளவு இறங்கியதும் மருந்தை நிறுத்த மூத்த மருத்துவர்கள் தயங்கியதுண்டு. நோயாளியைப் பார்த்து மூத்த மருத்துவர் தொடரச் சொன்னால் தொடர்வதே விதி என்று திட்டத்திலேயே எழுதியிருந்தோம். காரணத்தை மட்டும் பதிந்தோம். 2021-ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும் இந்தப் பரிசோதனையை மருந்து தொடங்குவதற்கு நம்பச் சொல்லவில்லை, எத்தனை நாள் தருவது என்பது தெளிவில்லாத இடத்தில் நிறுத்துவதற்குத் துணையாகவே பரிந்துரைக்கிறது. ஒரே மருத்துவமனையில் நடக்கும் முதுநிலை ஆய்வு இறப்பைப் பற்றி எதையும் நிறுவ முடியாது. பிரிட்டனில் இதே கேள்வியை ஆராய்ந்த ஆய்வில் அதற்கு 2,760 நோயாளிகள் தேவைப்பட்டார்கள். என் முடிவுரையில் மருந்து நாட்களைப் பற்றி மட்டுமே எழுதினேன்.

நோயாளி தெளிந்தபின் அவரிடமே மீண்டும் ஒப்புதல் கேட்க வேண்டும். வேலைப்பளுவில் பலர் இதைத் தள்ளிப்போடுவதைக் கண்டிருக்கிறேன். சுவாசக் குழாய் எடுத்த பின் குரல் கம்மிய ஒரு விவசாயி, தம் அளவுகள் நாளுக்கு நாள் இறங்கிய வரைபடத்தை வாங்கிப் பார்த்து, "எழுதிக்கிடுங்கம்மா, அடுத்தவனுக்காவது ஆகும்" என்றார். ஒரு பெண்மணி, தமக்குத் தெரியாமல் ரத்தம் எடுத்தது பிடிக்கவில்லை என்று மறுத்தார். அவரிடம் மேற்கொண்டு காரணம் கேட்கவில்லை. அன்றே மாதிரி எடுப்பதை நிறுத்தி, அவருடைய தரவைக் கணக்கிலிருந்து நீக்கி, நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவித்தோம். அவருக்கான வைத்தியம் வீட்டுக்குப் போகும் நாள்வரை அப்படியே தொடர்ந்தது.