சவர்க்கார அலுமாரி

வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுப் படலையைத் திறந்ததும் கண் தானாகக் கிணற்றடிக்குப் போகும். பச்சைக் குழந்தையைத் தூக்குமுன் கை கழுவ வேண்டுமே, அதனால் வந்த பழக்கம். நான் பார்த்த கிணற்றடிகளில் பெரும்பாலும் ஒரு சிரட்டை இருக்கும், அதற்குள் சவர்க்காரம் இருக்கும். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், 2022இல், அந்தச் சிரட்டைகள் காலியாகிக்கொண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த வருடம் பதில் கடமைக்காக மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் போகவேண்டி இருந்தது. குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து, மண்டூர்ப் பக்கம். பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒரு தாய். "கை கழுவக் கொஞ்சம் தண்ணி தாங்க புள்ள" என்றேன். அவள் மூத்த மகளைக் கூப்பிட்டுக் காதுக்குள் ஏதோ சொன்னாள். பிள்ளை வேலிக் கண்டாயத்துக்குள்ளால் அடுத்த வளவுக்கு ஓடியது. நான் வாளிக்குப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பாதி தேய்ந்த சன்லைட் துண்டொன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிள்ளை திரும்பி வந்தது. அதில் நுரை இன்னும் காயவில்லை. யாரோ உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த இடத்தில் இருந்து வாங்கி வந்திருக்கிறது. "மிஸ் கழுவினதும் உடன கொண்டு வரட்டாம்" என்றது.

அதே தாய் முதல் முறை நான் போனபோது, வீட்டில் அரிசி முடிந்துவிட்டது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவள். தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷச் சத்துமா எப்போது வரும் என்றும் தயங்காமல் கேட்டவள். சவர்க்காரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

அரிசி இல்லை என்றால் கஷ்டப்பட்ட குடும்பம் என்பார்கள். சவர்க்காரம் இல்லை என்றால் ஊத்தைக் குடும்பம் என்பார்கள். முதலாவதை வாய்விட்டுச் சொல்லலாம். இரண்டாவதை எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பெட்டிக்கடைகளில் சவர்க்காரக் கட்டியை நூலால் நாலாக அறுத்துத் துண்டு துண்டாக விற்றார்கள். அந்த நாட்களில் உலர் உணவுப் பொதி கொடுத்தவர்களுக்கு நாங்கள் எல்லோரும் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் நான் பார்த்த பொதிகள் பலவற்றில் அரிசி, பருப்பு, சீனி, ரின்மீன் இருந்தன, சவர்க்காரம் இருக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதற்கு ஒரு வழி செய்ய நேரம் கிடைத்தது. எங்கள் ஊர் வாசிகசாலையில் பழைய பத்திரிகைகள் அடுக்கிய இரும்பு அலுமாரி ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கினோம். நான், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இரண்டு பேர், மாதர் சங்கத்தில் மூன்று பேர், சாமான் ஏற்றி இறக்க ஓட்டோத் தம்பி ஒருவர். காத்தான்குடி மொத்தக் கடையில் உடுப்புச் சவர்க்காரம், சலவைத்தூள், பாத்திரம் கழுவும் கட்டி, பிளீச், தும்புத்தடி வாங்கினோம். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அலுமாரி திறந்திருக்கும். வேண்டியதை எடுக்கலாம், காசு இல்லை. ஊரில் அதற்கு உடனே 'சவர்க்கார அலுமாரி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

முதல் மாதம் யாரும் வரவில்லை என்றே சொல்லவேண்டும். வாசல் வரைக்கும் வருவார்கள், எட்டிப் பார்ப்பார்கள், பத்திரிகை பார்க்க வந்த மாதிரித் திரும்பிப் போவார்கள். காரணம் மேசையில் இருந்தது. நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு, குடும்பத்தில் எத்தனை பேர், அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிறதா என்று கோடு கீறி வைத்திருந்தேன். வேலை செய்த காலமெல்லாம் பதிவேடு எழுதிய கை, எழுதாமல் எப்படி ஒரு பொருளைக் கொடுப்பது என்று அதற்குத் தெரியவில்லை. சங்கத்து அக்கா ஒருவர்தான் சொன்னார்: "மிஸ், நிவாரணத்துக்குப் பேர் குடுக்கிற சனம் சவர்க்காரத்துக்குப் பேர் குடுக்காது. கொப்பிய மூடுங்க." மூடினேன். இப்போது ஒரு பொருள் போனால் ஒரு கோடு, அவ்வளவுதான். எது முடிகிறது, எதை வாங்கவேண்டும் என்று அறிய அது போதும்.

அள்ளிக்கொண்டு போகமாட்டார்களா என்று கேட்காதவர் இல்லை. ஒரு பெண் ஒவ்வொரு கிழமையும் ஐந்து கட்டி எடுத்தார். எங்களுக்குள் முணுமுணுப்பு வந்தது. நான் கேட்கவில்லை. பிறகு ஓட்டோத் தம்பி சொல்லித்தான் தெரிந்தது, அந்தப் பெண்ணின் ஒழுங்கையில் நடக்க ஏலாத ஆச்சிமார் நாலு வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறார். அலுமாரி சில கிழமை வெறுமையாகப் போனதும் உண்டு. அது பரவாயில்லை. நின்று விசாரித்திருந்தால் அந்த நாலு ஆச்சிமாருக்கும் சவர்க்காரம் போயிருக்காது.

என் மனதை இன்றைக்கும் உறுத்துவது வேறொன்று. ஒரு அம்மா எங்களிடம் எடுத்த பிளீச்சையும், கக்கூஸ் கழுவும் அசிட்டையும் ஒன்றாக ஊற்றித் தேய்த்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் நன்றாக வெளுக்கும் என்று நினைத்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு திறந்திருந்ததால் இருமி இருமி வெளியே ஓடி வந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பின்னேரம் திரும்பினார். சுகாதாரத் துறையில் இருந்த நான் அதைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே அசிட் போத்தல்களை அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டேன், இன்றுவரை திரும்ப வைக்கவில்லை. கக்கூசுக்குச் சலவைத்தூளும் பிரஷும் போதும். அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. காசு மிச்சம் பிடிக்க இருபது லீட்டர் கேனில் நிலம் துடைக்கும் திரவம் வாங்கிச் சோடாப் போத்தல்களில் பிரித்து ஊற்றி வைத்திருந்தோம். பச்சை நிறம். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு அது சோடாதானே? அத்தனையையும் கொட்டிவிட்டு, சவர்க்காரத் திரவம் வந்த பழைய போத்தல்களையே கழுவித் தரும்படி ஊரில் கேட்டோம். பிளீச்சை மட்டும் பிரிப்பதே இல்லை. வெயிலும் வெளிச்சமும் பட்டால் அதன் வீரியம் போய்விடும், கடைப் போத்தலிலேயே கொடுக்கிறோம்.

வாளி, மண்வெட்டி, நீளத் தும்புத்தடி, றப்பர்ச் சப்பாத்து இவை இரவல் மட்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் நான் முகாம்களில் கடமையில் இருந்தேன். சனம் வீடு திரும்பியபோது கையில் அரிசி இருந்தது, வீட்டுக்குள் சேறு இருந்தது, அதை வழிக்க ஒரு விளக்குமாறு இல்லை. அதை நினைத்துத்தான் ஐப்பசி பிறக்குமுன் இந்தச் சாமான்களை எண்ணிப் பார்த்துவிடுவேன். வயல் வேலைக்காரர் உள்ள வீடுகளுக்குச் சப்பாத்து முதலில். எலிக்காய்ச்சல் சேற்றுத் தண்ணீரால் வருவது. கிணற்றுக்குக் குளோரின் போடும் வேலையை நாங்கள் தொடுவதில்லை. அது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கணக்கு, அவருக்கு அறிவிப்பதோடு சரி.

கூச்சம் உடைந்தது வைகாசியில். கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு முந்திய கிழமை. சடங்கு தொடங்குமுன் வீடு வாசல் கழுவாத வீடு எங்கள் பக்கம் இல்லை. அந்தச் சனிக்கிழமை வாசிகசாலைத் திண்ணை நிறையப் பெண்கள். "அம்மாளுக்கு வீடு கழுவ" என்று சொல்லிச் சத்தமாகக் கேட்டு எடுத்தார்கள். தனக்கென்று கேட்க வராத வாய் அம்மாளுக்கென்று கேட்க வந்தது. அன்றைக்கு வந்தவர்கள் மறுகா வந்தார்கள், சடங்கு முடிந்த பிறகும் வந்தார்கள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிக்கும் நாளுக்கும், செத்த வீட்டு முப்பத்தொன்றுக்கும் முதல் நாளே ஆள் அனுப்பி எடுக்கிறார்கள். நோன்புப் பெருநாளைக்கு முன் பக்கத்து ஊர் முஸ்லிம் பெண்கள் இரண்டு பேர் வந்து எடுத்தார்கள், அடுத்த மாதம் ஒரு பெட்டி சலவைத்தூள் கொண்டுவந்து வைத்தார்கள்.

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. காலிப் போத்தல்களும் அப்படித்தான் திரும்பி வரத் தொடங்கின. ஒரு கட்டு முருங்கை இலை, நாலு தேசிக்காய், ஒரு தேங்காய். முதலில் வேண்டாம் என்றேன், கொண்டுவந்தவரின் முகம் வாடியது. இப்போது வாங்கி மேசையில் வைத்துவிடுகிறோம், வேண்டியவர்கள் எடுக்கிறார்கள். போன மாதம் ஒரு ஆச்சி தலையில் சுமந்துவந்து திண்ணையில் இறக்கினார். தானே ஈர்க்குக் கிழித்துக் கட்டிய ஆறு விளக்குமாறு. "கடையில வாங்கிற தும்புத்தடி முத்தத்துக்குச் சரிவராது மனே, இத வை" என்றார். கட்டு இறுக்கமாக, அடி ஒரே மட்டமாக வெட்டியிருந்தது. அலுமாரிக்குள் நிற்காததால் கதவோரம் சாத்தி வைத்தோம். ஐந்து மணிக்கு நான் கதவைப் பூட்டும்போது ஒன்றுகூட மிச்சமில்லை. இந்தக் கிழமை ஆச்சிக்கு ஈர்க்குக் கட்ட நைலோன் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.