இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் வரும் டிக் டிக் சத்தம்: பிரிக்கச் சொன்னார்கள், பிரிக்கவில்லை

இன்ஜின் தலையில் இருக்கும் வால்வு கவரைத் திறந்து, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டை இறக்கி, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் லிஃப்டர்கள் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் எனக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். என் காரின் சத்தத்தை ஒரு தடவைகூடக் காதால் கேட்காமல் போட்ட எஸ்டிமேட் அது. வேலை முடிந்து கார் நன்றாக ஓடுகிறது, கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் டிக் என்று அடிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமெடுக்கும். இன்ஜின் சூடேறச் சூடேறத் தேய்ந்து, சில நிமிடங்களில் சுத்தமாக நின்றுவிடும். ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போய்ச் சேரும்போது வண்டி பூனைபோல நிற்கும். "எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார்" என்றார்கள். அடுத்த தடவை ஆயில் மாற்றினார்கள். அதற்கும் அடங்காததால் லிஃப்டர் என்றார்கள்.

ஆயிலைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. வண்டி நிற்கும்போது லிஃப்டரில் இருக்கும் ஆயில் வடிந்துவிடும். ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வு கெட்டிருந்தால் ஃபில்டரும் காலியாகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறும் வரை லிஃப்டர் பக்கம் டிக் டிக் என்று அடிக்கும், அதைத்தான் டேப்பட் சத்தம் என்பார்கள். ஆனால் கம்பெனி மேனுவலில் போட்டிருக்கும் அதே 5டபிள்யூ-30 ஆயில், புது ஃபில்டர், டிப்ஸ்டிக்கில் சரியான அளவு எல்லாம் இருந்தும் என் வண்டியில் சத்தம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆயில் பிரஷர் வந்ததும் நிற்காமல் உலோகம் சூடான பிறகே நிற்கிற சத்தம் என்றால், லிஃப்டருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பை, பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டில் சின்ன இடைவெளி இருந்தால் ஆறியிருக்கும்போது காற்று கசியும். சூட்டில் இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைபட்டுவிடும்.

அனுபவசாலிகளே இதில் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வால்வின் டேப்பட் சத்தமும், ஒரே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கசிவும் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் வரும். தாளம் ஒன்றேதான். அதனால் தாளத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, இடத்தைத் தேட வேண்டும்.

நான் தேடியது இப்படி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் ஒட்டி, முனையை வால்வு கவரில் வைத்தேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மெல்லிய சத்தம், எந்த லிஃப்டரும் தனியாக அடிக்கவில்லை. அப்புறம் ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதருகே பிடித்துக்கொண்டு மறுமுனையை மேனிஃபோல்டின் ஓரமாக நகர்த்தினேன். கடைசி சிலிண்டர் அருகில் வந்ததும் 'ட்ஸ் ட்ஸ்' என்று காற்று அடிப்பது அப்படியே காதுக்குள் கேட்டது. இரும்பின் அதிர்வுக்கு ஸ்க்ரூடிரைவர், காற்றுக் கசிவுக்குக் குழாய். இதைச் செய்யும்போது ஃபேனும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கை, முடி, துப்பட்டா எல்லாம் ஜாக்கிரதை. மூடிய ஷெட்டுக்குள் செய்யவே செய்யாதீர்கள், கசிவது விஷப்புகை. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, 'டொக் டொக்' என்று கனமாக அடித்து சூடான பிறகும் நிற்காவிட்டாலோ, இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை டோ செய்து கொண்டுபோங்கள்.

காரணம் தெரிந்தும் அதை மெக்கானிக்கின் காதில் விழ வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இரவே வண்டியை விட்டுவிட்டுக் காலையில் போனால், இடம் காலி செய்வதற்காக யாரோ முன்பே ஸ்டார்ட் செய்து நகர்த்தி வைத்திருந்தார்கள். இன்ஜின் சூடாகி, அன்றைய அலைச்சல் மொத்தமும் வீண். அதன் பிறகு வேறு மெக்கானிக்கிடம் விட்டபோது, 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று எழுதி ஸ்டீயரிங்கிலேயே ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். நீங்களும் ஒட்டுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் ஆகும் நொடியிலிருந்து வீடியோவும் எடுத்து வையுங்கள்.

அந்த மெக்கானிக் ஐயா பொறுமையானவர். சத்தம் வரும்போதே கடைசி சிலிண்டருக்கு எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மின் கனெக்டரைச் சில நொடிகள் கழற்றினார். டிக் டிக் சட்டென்று அடங்கியது. அந்தச் சிலிண்டரில் எரிதல் நின்றதும் அடங்குகிறது என்றால் லிஃப்டராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார். பிஸ்டன் ஆடும் சத்தமும் இப்படி அடங்கலாம் என்பதால் அதோடு விடவில்லை. சைலன்சர் வழியாகப் புகையைச் செலுத்திப் பார்த்தார். நான் சொன்ன அதே மூலையிலிருந்து புகை மேலே எழுந்தது. மனசு நிறைந்துவிட்டது. மேனிஃபோல்டின் சூட்டைத் தடுக்கும் தகட்டைக் கழற்றினால் கேஸ்கெட் ஓரத்தில் கோடாகக் கரி படிந்திருக்கிறது, பக்கத்தில் இருக்க வேண்டிய நட்டையே காணோம். மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடித்திருக்கும் திருகுக் கம்பியான ஸ்டட் அடியோடு முறிந்திருந்தது.

எடுப்பதுதான் பெரும்பாடு. துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டும் பக்கத்து ஸ்டட்டும் சேர்ந்து முறிந்தது. மிச்சத்தின்மேல் நட்டை வெல்டிங் செய்து திருப்பித்தான் வெளியே எடுத்தார். வளைவு இருக்கிறதா என்று மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லா ஸ்டட்டும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கினார்.

எடுக்கும்போது முறிந்த அந்தப் பக்கத்து ஸ்டட்டின் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். முறிந்த முகத்தில் பெரும்பகுதி துருப்பிடித்துப் பழுப்பாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் மெல்லிய பளபளப்பு. விரிசல் வெகு காலமாகவே இருந்து, கடைசி ஓரம் இப்போதுதான் விட்டிருக்கிறது. காலையில் இன்னும் ஒரு மெல்லிய டிக் டிக் கேட்கிறது, சூடான பிறகும் அதே அளவில் தொடர்கிறது. அது இன்ஜெக்டர் திறந்து மூடும் சத்தம், அதைத் தொட வேண்டியதில்லை.